பாட்டி கையில் போட்டோ ஸ்டூடியோ!

படத்தைத் திருத்தலாம், முகத்தை மாற்றலாமா?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

பாட்டிக்கு வயது 72. தாத்தா இறந்து 20 ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மழையில் ஒழுகிய சுவரில் மாட்டி இருந்த படம். கறை படிந்து, ஒரு கண் மறைந்துவிட்டது.

பேரன் அந்தப் படத்தைச் செல்போனில் எடுத்தான். ஓர் இடத்தைத் தொட்டான். ஒரு நிமிடம்தான். கறை போயிற்று! கீறல் போயிற்று! இரண்டு கண்களும் பளிச்சென்று தெரிந்தன.

"பாட்டி, இதைப் பாரேன்!" என்று நீட்டினான்.

பாட்டி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாரடா இது?"

"தாத்தாதான்!"

"நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால், இவர் உன் தாத்தா இல்லையடா."

பேரன் திகைத்தான்.

பாட்டி சொன்னதுதான் சரி. செல்போன் கொண்டுவந்தது தாத்தாவின் கண் அல்ல. அது யாருடைய கண்ணும் அல்ல! இயந்திரம் தானாகச் செய்த கண்.

இது இன்று எந்த வீட்டிலும் நடக்கலாம். ஏனென்றால், போட்டோவைத் திருத்தும் தொழில் ஸ்டூடியோவை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. 20 வயதுப் பிள்ளைகள் கையில் மட்டும் அல்ல, 70 வயதுப் பெரியவர்கள் கையிலும் வந்துவிட்டது.

இது நல்லதா, கெட்டதா? எதைத் திருத்தலாம்? எதைத் திருத்தக்கூடாது? பெரியவர்கள் இதை எளிதாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும்! எப்படி என்று பார்ப்போம்.

அன்று பென்சில், இன்று விரல்

படத்தைத் திருத்துவது புதிய வித்தை அல்ல.

பிலிம் இருந்த காலத்தில் ஸ்டூடியோக்களில் "டச்சப்" செய்வார்கள். கூர் சீவிய பென்சிலை எடுத்து நெகட்டிவில் மெல்லப் புள்ளி வைப்பார்கள். நெகட்டிவில் கறுப்பு ஏறினால், படத்தில் அந்த இடம் வெளுக்கும். முகப்பரு மறையும். சுருக்கம் மறையும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் வண்ணம் தீட்டுவதும் உண்டு.

கலியாணப் படத்தில் மாப்பிள்ளை பளபளப்பாகத் தெரிந்தது இப்படித்தான்!

1990-ம் ஆண்டு "போட்டோஷாப்" விற்பனைக்கு வந்தது. பென்சில் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஆனாலும், அதைக் கற்றவர்கள்தான் செய்ய முடிந்தது.

இன்று நிலைமை வேறு. 2021-ல் கூகுள் நிறுவனம் தன் "பிக்சல் 6" போனில் "மேஜிக் இரேசர்" என்ற கருவியைக் கொடுத்தது. படத்தில் வேண்டாத ஆள்மீது விரலால் கோடு போட்டால், அந்த ஆள் மறைந்துவிடுவார்! 2024 மே மாதம் முதல் இத்தகைய கருவிகளை மற்ற பல போன்களுக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஐபோனின் சில மாடல்களிலும் இதே போன்ற வசதி வந்தது.

பல ஆண்டு பழகிய பென்சில் வேலையை இன்று ஒரு விரல் செய்துவிடுகிறது.

அரண்மனையிலும் நடந்தது

வீட்டில்தானே திருத்துகிறோம், இதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

2024 மார்ச் 10-ந்தேதி அங்கே அன்னையர் தினம். வேல்ஸ் இளவரசி கேத்தரின் தன் குழந்தைகளுடன் இருக்கும் படத்தை அரண்மனை வெளியிட்டது. அழகான படம். ஆனால், மகளின் சட்டைக் கை ஓர் இடத்தில் ஒட்டாமல் இருந்தது. உற்றுப் பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

உலகின் பெரிய செய்தி நிறுவனங்கள், "இந்தப் படத்தைப் போடவேண்டாம்" என்று பத்திரிகைகளுக்கு அறிவித்துப் படத்தைத் திரும்பப் பெற்றன. மறுநாள் இளவரசி, தானே படத்தைத் திருத்திப் பார்த்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

இளவரசி கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால், ஒரு சிறு திருத்தம் நம்பிக்கையைக் குலைத்துவிட்டது.

நம் ஊரிலும் நடந்தது உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தவித்தபோது, பிரதமர் விமானத்தில் இருந்து பார்வையிடும் படத்தை மத்திய அரசின் செய்தித் துறை வெளியிட்டது. ஜன்னலில் தெரிந்த காட்சி வேறு ஒரு படத்தில் இருந்து ஒட்டப்பட்டது! எதிர்ப்பு வந்ததும் படம் நீக்கப்பட்டது. துறை வருத்தம் தெரிவித்தது.

ரஷ்யாவில் ஸ்டாலின் காலத்தில் இது அரசியலாகவே நடந்தது. ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த எஷோவ், ஸ்டாலின் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று இருந்தது. 1940-ல் எஷோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு படத்தில் இருந்தும் அவரை அழித்துவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது!

அன்று ஒரு மனிதனைப் படத்தில் இருந்து அழிக்க ஓர் அரசாங்கம் தேவைப்பட்டது. இன்று ஒரு செல்போன் போதும்.

முதல் வேலை: துடையுங்கள்!

படம் மங்கலாக வந்தால், போன் கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது போனின் குற்றம் அல்ல. காமிராக் கண்ணாடியில் எண்ணெய்க் கை பட்டிருக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். பாதிப் படங்களுக்குத் திருத்தமே வேண்டியிராது.

அடுத்தது வெளிச்சம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒருவரை நிறுத்தி எடுத்தால் முகம் கறுக்கும். அவரை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள்.

கை நடுங்குகிறதா? முழங்கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். திரையைத் தொடுவதற்குப் பதில், பக்கத்தில் உள்ள ஒலிப் பொத்தானை அழுத்தினாலும் பல போன்களில் படம் விழும்.

இன்னொரு சங்கதி. "நான் தொட்டால் போன் கேட்கவில்லை" என்று பெரியவர்கள் குறை சொல்வார்கள். அது உண்மைதான்! தொடுதிரை விரலின் அழுத்தத்தால் வேலை செய்வது இல்லை. விரலின் மின் தன்மையால் வேலை செய்கிறது. வயதானால் தோல் உலர்ந்துவிடும். உலர்ந்த விரலைத் திரை சரியாக அறியாது. விரலை லேசாக ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டால் போதும். அழுத்தித் தொடவேண்டாம். நெடுநேரம் விரலை வைத்திருக்கவும் வேண்டாம். வைத்திருந்தால் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

நான்கே பாடங்கள்

படத்தைத் திறந்தால் கீழே "எடிட்" அல்லது "திருத்து" என்று இருக்கும். சில போன்களில் பென்சில் படம் இருக்கும். அதைத் தொட்டால் ஏராளமான கருவிகள் வரும். பயந்துவிட வேண்டாம். நான்கு தெரிந்தால் போதும்.

முதல் பாடம், நிமிர்த்துதல். படம் சாய்ந்து இருந்தால் நேராக்கலாம். கதவு, தூண், சுவர் ஆகியவற்றின் கோட்டைப் பார்த்துச் சரி செய்யுங்கள்.

இரண்டாவது, கத்தரித்தல். இதற்குக் "கிராப்" என்று பெயர். ஓரத்தில் உள்ள குப்பைக் கூடையையும் பாதி ஆளையும் வெட்டிவிடலாம். மூலையைப் பிடித்து உள்ளே இழுத்தால் போதும். மிகவும் வெட்டினால் படம் சிறுத்து, பெரிதாக்கும்போது சிதறும்.

மூன்றாவது, ஒளி. "பிரைட்னஸ்" என்பது படம் முழுவதையும் வெளிச்சமாக்கும். "ஷேடோஸ்" என்பது இருண்ட இடத்தை மட்டும் தூக்கிக் காட்டும். முகம் மட்டும் கறுத்திருந்தால் இரண்டாவதுதான் நல்லது.

நான்காவது, வண்ணம். மஞ்சள் விளக்கில் எடுத்த படம் மஞ்சளாக இருக்கும். "வார்ம்த்" என்ற கோட்டை இடது பக்கம் நகர்த்தினால் மஞ்சள் குறையும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால், "ஆட்டோ" அல்லது "என்ஹான்ஸ்" என்று ஒன்று இருக்கும். அதை ஒருமுறை தொட்டால் போனே சரி செய்யும்.

கடைசியில் ஒரு பொன்விதி. "சேவ்" என்றும் "சேவ் காப்பி" என்றும் இரண்டு இருந்தால், "காப்பி"யைத் தொடுங்கள். அப்போது பழைய படம் பழைய படமாகவே இருக்கும். புதிய படம் தனியாக இருக்கும். தப்புச் செய்தாலும் நஷ்டம் இல்லை!

கண் செய்யும் மாயம்

பெரியவர்கள் திருத்தும் படங்கள் சில சமயம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துவிடுகின்றன. ஏன்?

வயது ஏற ஏற, கண்ணில் உள்ள லென்ஸ் மஞ்சள் பூக்கிறது. உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. ஆகவே, பேரனுக்குச் சரியாகத் தெரியும் படம் தாத்தாவுக்கு இருட்டாகத் தெரியும். தாத்தா ஒளியைக் கூட்டிவிடுகிறார்! கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நேர்மாறாக, நீல நிறம் பளிச்சென்று தெரியும்.

இதற்கு வழி உண்டு. திருத்துவதற்கு முன்பு போன் திரையின் ஒளியை நடுவில் வையுங்கள். வெயிலில் நின்று திருத்தாதீர்கள். திருத்திய படத்தை வேறு ஒருவர் கண்ணால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் உள்ள பழைய படம்

பெரியவர்களுக்கு இந்த வித்தை முக்கியமாகத் தேவைப்படுவது பழைய படங்களுக்குத்தான்.

1970, 1980-களில் எடுத்த கலர்ப் படங்கள் இன்று சிவப்பேறிக் கிடக்கின்றன. கலர்ப் படத்தில் மூன்று சாயங்கள் உண்டு. அவற்றில் நீலம் கலந்த பச்சைச் சாயம் வெளுத்துவிட்டால், சிவப்பு மிஞ்சி நிற்கும். கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது. அதனால்தான், தாத்தாவின் கலியாணப் படம் கறுப்பு வெள்ளையில் நன்றாக இருக்கிறது. அப்பாவின் கலியாணப் படம் கலரில் கெட்டுக் கிடக்கிறது!

பழைய படத்தைப் போனில் எடுப்பது எளிது. சட்டத்தில் இருந்து கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு இருந்தால் பிய்க்காதீர்கள். படம் உரிந்து வந்துவிடும். ஜன்னல் ஓரம், வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். பிளாஷ் வேண்டாம். போனைப் படத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். 2016-ல் கூகுள் கொண்டுவந்த "போட்டோஸ்கேன்" ஒரே படத்தைப் பல கோணங்களில் எடுத்து ஒன்றாக்கும். கண்ணாடிப் பளபளப்பு மறைந்துவிடும்.

பிறகு ஒளியைக் கூட்டி, சிவப்பைக் குறைத்தால், மறைந்த முகம் மெல்ல வெளியே வரும்.

எங்கே கோடு போடுவது?

இப்போது பாட்டியின் பேச்சுக்கு வருவோம்.

திருத்தத்தில் இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, படத்தில் இருப்பதைத் தெரிய வைப்பது. ஒளியைக் கூட்டுவதும், நிமிர்த்துவதும், கத்தரிப்பதும் இந்த வகை. தூசி படிந்த கண்ணாடியைத் துடைப்பது போன்றது இது.

மற்றொன்று, படத்தில் இல்லாததை உண்டாக்குவது. மறைந்த கண்ணை வரைவது இந்த வகை. இயந்திரத்துக்குத் தாத்தாவைத் தெரியாது. அது ஏராளமான வேறு முகங்களைப் பார்த்துப் பழகி இருக்கிறது. "இப்படிப்பட்ட முகத்தில் இப்படிப்பட்ட கண் இருக்கும்" என்று ஊகித்து வரைகிறது. பாதி தாத்தா, பாதி ஊகம்!

பாட்டி 40 ஆண்டுகள் பார்த்த முகம் அது. ஆகவே, ஊகத்தை அவர் உடனே கண்டுகொண்டார். ஆனால், தாத்தாவைப் பார்த்தே இராத கொள்ளுப் பேரனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு அந்த ஊகம்தான் தாத்தா! பழைய படத்தையும் எறிந்துவிட்டால், உண்மையான முகம் உலகத்தில் இருந்தே போய்விடும்.

இதில் உள்ள ஆபத்து இதுதான்.

இதற்காக, இயந்திரம் வரைந்த படத்தை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது இல்லை. ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால், "இது போன் வரைந்தது" என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். பழைய படத்தைப் பத்திரமாகக் காப்பாற்றுங்கள்.

சட்டமும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. 2026 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, செயற்கையாக உண்டாக்கி உண்மைபோல் காட்டும் படங்களுக்கு அடையாளம் போடவேண்டும். அந்தப் பொறுப்பு சமூக வலைத்தளங்களுக்கு உண்டு. ஆனால், படத்தின் பொருளை மாற்றாமல் வண்ணத்தையும் ஒளியையும் சரி செய்யும் சாதாரணத் திருத்தத்துக்கு அது தேவை இல்லை.

கறுப்பு மை ஏமாற்றும்!

பெரியவர்கள் ஆதார் அட்டையையும் பாங்கிப் புத்தகத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எண்ணை மறைக்க, விரலால் கறுப்புக் கோடு போடுகிறார்கள். இதில் ஒரு மோசம் இருக்கிறது.

போனில் உள்ள பேனாக்களில் சில, ஊடுருவித் தெரியும் மை கொண்டவை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். படத்தை வாங்கியவர் ஒளியைக் கூட்டினால் எண் பளிச்சென்று வெளியே வரும்!

வெட்டிவிட்டால் போதுமா? அதிலும் ஒருமுறை ஓட்டை இருந்தது. கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய பகுதி முழுதும் அழியாமல், படத்துக்குள்ளேயே ஒளிந்து இருந்ததை 2023-ல் நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டை அந்த ஆண்டே அடைக்கப்பட்டது. ஆனால், அதற்கு முன்பு அனுப்பிய படங்களைத் திரும்ப வாங்க முடியுமா?

இதற்கு நம் வீட்டு வழியே மேல். படம் எடுப்பதற்கு முன்பே, எண் உள்ள இடத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து மறைத்துவிடுங்கள். எடுக்காத எண்ணை எந்தத் திருடனும் எடுக்க முடியாது! ஆதார் நிறுவனமே முதல் 8 எண்களை மறைத்துத் தரும் அட்டையும் இருக்கிறது. கேட்கும் இடத்தில் அது செல்லுமானால் அதையே கொடுங்கள்.

அழித்தால் எங்கே போகும்?

"போனில் இடம் இல்லை" என்று செய்தி வந்ததும் பெரியவர்கள் படங்களை அழிக்கிறார்கள். "கூகுள் போட்டோஸ்" பயன்படுத்துகிறவர்கள் இங்கே விழிப்பாக இருக்கவேண்டும். அதில் ஒரு படத்தை அழித்தால், போனிலும் போகும். கூகுள் சேமித்து வைத்த இடத்திலும் போகும். இடம் மட்டும் வேண்டுமானால், அதற்கென்று உள்ள "இடத்தைக் காலி செய்" என்பதைத் தொடவேண்டும்.

தவறி அழித்துவிட்டால் அழவேண்டாம். குப்பைத் தொட்டி என்று ஒன்று உண்டு. சேமித்து வைத்த படம் அதில் 60 நாள் இருக்கும். சேமிக்காத படம் 30 நாள் இருக்கும். அதற்குள் எடுத்துவிடலாம்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கிவிடும். நல்ல படத்தை அப்படியே அனுப்ப, "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்புங்கள்.

கற்றுக் கொடுப்பது யார்?

2011 மக்கள் கணக்குப்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 10 கோடிக்கு மேல். அதற்குப் பிறகு அந்தத் தொகை வளர்ந்து இருக்கிறது. பென்ஷன்காரர்கள் "உயிரோடு இருக்கிறேன்" என்று காட்டுவதற்குக்கூட, 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி வந்துவிட்டது. ஆகவே, பெரியவர்களுக்குப் போன் விளையாட்டுப் பொருள் அல்ல, தேவைப் பொருள்.

ஆனால், அவர்களுக்குக் கற்றுக் கொடுப்பது யார்? பேரன்தான். அவனும் என்ன செய்கிறான்? "கொடு பாட்டி, நான் செய்கிறேன்" என்று போனைப் பிடுங்கி, பத்து நொடியில் செய்து கொடுத்துவிடுகிறான். வேலை முடிகிறது. பாட்டி கற்றுக்கொள்ளவில்லை.

போன் பாட்டியின் கையில் இருக்கவேண்டும். பேரனின் கைகள் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும்! வாயால் மட்டும் சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடம். நான்கு நாளில் நான்கு பாடம்.

பாட்டியும் சும்மா கற்றுக்கொள்ள மாட்டார். அவரிடமும் ஒரு பாடம் இருக்கிறது. எது உண்மையான முகம், எது பொய் முகம் என்பதை இயந்திரம் சொல்லாது. பார்த்தவர்கள்தான் சொல்லமுடியும். பெட்டியில் உள்ள ஒவ்வொரு படத்திலும் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைப் பாட்டி சொல்லச் சொல்லப் பேரன் எழுதி வைக்கவேண்டும். அதை எந்தக் கருவியாலும் பிறகு திருத்திக் கொண்டுவர முடியாது.

அந்தப் பேரன் மறுபடியும் தாத்தா படத்தை எடுத்துப் பாட்டியிடம் கொடுக்கட்டும். பாட்டியே விரலால் படத்தை நிமிர்த்தட்டும். ஓரத்தை வெட்டட்டும். ஒளியைக் கொஞ்சம் கூட்டட்டும்.

கறை அப்படியே இருக்கும். ஒரு கண் தெரியாது. ஆனால், மற்ற கண் தெரியும். மீசை தெரியும். சட்டைப் பையில் செருகிய பேனா தெரியும்.

அதைப் பார்த்தால் பாட்டி, "யாரடா இது?" என்று கேட்கமாட்டார்.